ஏசுவதற்கு ஓர் ஆள்

இங்கிலாந்தின் உள்ளூராட்சி மன்றங்களில் சிறுவர் சேவைப் பிரிவுகளை நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பெற்றோர் துணையின்றிப் புகலிடம் தேடி வரும் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் நடுவே உட்காரும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் நான். அந்த அறையில் எனக்குச் சொந்த வாய் கிடையாது. அதனால்தான் இந்த மடல்.

"நீ இப்போது மன்றத்தின் பராமரிப்பில் இருக்கிறாய்" என்று உங்கள் அலுவலர் ஒருவர் சொன்னதை யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவனுக்குத் தமிழில் சொன்னேன். பதறிப்போய், "எனக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டான். நோயாளிக்கும் முதியவருக்கும்தானே பராமரிப்பு! துணையில்லாத பிள்ளையை மன்றம் பொறுப்பேற்கச் சொல்லும் 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தை அவனிடம் விளக்கி என்ன பயன்? "உன்னைப் பார்த்துக்கொள்வார்கள்" என்றேன். "யார்?" என்றான். அலுவலரிடம் சொல்வதற்கு ஒரு பெயர் இருக்கவில்லை.

சில நாட்களில் அவன் வயதை மதிப்பிட இரண்டு சமூகப் பணியாளர்கள் வந்தார்கள். லண்டனின் மேர்ட்டன் மன்றத்துக்கு எதிரான 2003ஆம் ஆண்டு வழக்கின் தீர்ப்பிலிருந்து வளர்ந்த முறை அது. சட்டப்படி குறை சொல்ல முடியாது. ஆனால் குளிருக்குச் சட்டை வாங்கித் தந்த அலுவலகமே "நீ சிறுவன்தானா?" என்றும் கேட்கிறது. அதற்குப் பிறகு யாராவது அன்பாக "நித்திரை வந்ததா?" என்று கேட்டாலும், அவன் கேட்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. பேனாவைப் பார்க்கிறான்.

2021 முதல் இப்படி வந்த பிள்ளைகளை உள்துறை அமைச்சு ஹோட்டல்களில் வைத்தது. கட்டில் இருந்தது, சாப்பாடு இருந்தது, வாசலில் காவலும் இருந்தது. இருநூறு பேரை இன்னும் காணவில்லை என்று 2023 ஜனவரியில் அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார்.

இன்னொரு பையனை ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் சேர்த்தீர்கள். ஜமேக்கா வழிவந்த அம்மா, அவனுக்கு 'அன்ரி'. ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பினான். மாடிப்படியில் காத்திருந்தவர் விளாசித் தள்ளிவிட்டார். பாதி ஆங்கிலம் விளங்கவில்லையாம். "அன்ரி எனக்கு ஏசிவிட்டார்" என்று அவன் என்னிடம் சொன்னபோது வாயெல்லாம் சிரிப்பு. பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி!

பதினாறு வயதைத் தாண்டியவர்களைப் பெரும்பாலும் ஆதரவு விடுதிகளில்தான் விடுகிறீர்கள். அங்கே பிந்தி வந்தால் படிவம் நிரப்புவார்கள். மறுநாள் வேறொரு பணியாளர், அதே புன்னகை. அவர்கள் பொல்லாதவர்கள் அல்லர். ஏசுகிற உரிமை அவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

அந்த யாழ்ப்பாணத்துப் பையன் இருக்கும் விடுதியில் ஒரு சூடான் பையனும் இருக்கிறான். பிறந்த தேதி தெரியாததால், பலருக்கும் செய்வதைப்போல, ஜனவரி 1 என்று பதிந்திருக்கிறீர்கள். வரும் புத்தாண்டு அன்று அவனுக்குப் 18; அத்தோடு மன்றத்தின் பராமரிப்பு முடிந்துவிடும். வளர்ப்புக் குடும்பத்தில் இருப்பவர்கள் விரும்பினால் 21 வரை அங்கேயே தங்க 2014ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது; விடுதிப் பிள்ளைக்கு அது இல்லை. பராமரிப்பை விட்டுப் போகிறவர்களுக்கு மன்றம் அமர்த்தும் ஆலோசகர் இருப்பார் என்பீர்கள். இருப்பார். ஆனால் அன்று பொது விடுமுறை, உங்கள் அலுவலகம் பூட்டியிருக்கும்.

டிசம்பர் 31 மாலைக்குள் அவன் தொலைபேசியில் ஓர் எண்ணையாவது சேர்த்துவிடுங்கள். அது அலுவலக எண்ணாக இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு மொழிபெயர்ப்பாளர், லண்டன்