எழுத்து மங்கினாலும் ஓரக்கோடு ஏன் மங்குவதில்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தங்கள் நாளிதழின் கணினி இணைப்பில் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைவூட்ட மென்பொருளில் தலைப்பெழுத்து செய்வது பற்றி வந்த குறிப்பைப் படித்தோம். எழுத்து லேயருக்கு (அடுக்குக்கு) லேயர் ஸ்டைல், அதாவது ஓரக்கோடு, நிழல் போன்ற அலங்காரம் கொடுத்து, அதன் மேலேயே காசியன் பிளர் (மங்கல்) போட்டு 40-லிருந்து 0-க்கு இறக்கினால் போதும் என்கிறது அது. அப்படிச் செய்தால் எழுத்து மட்டும்தான் மங்கும். ஸ்ட்ரோக் (ஓரக்கோடு) மங்காது, மங்கி விரிந்த உருவத்தின் விளிம்பைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். பெவல் (விளிம்புப் புடைப்பு) வீங்கிய ரப்பர் போலத் தெரியும்.

காரணம் மென்பொருளின் வேலை வரிசை. ஒரு லேயருக்குள் மாஸ்க் (மறைப்பு), எஃபெக்ட் (விளைவு), டிரான்ஸ்ஃபார்ம் (இடம், அளவு, சுழற்சி) எல்லாம் முடிந்த பிறகே லேயர் ஸ்டைல் வரும். பிளர் ஒரு எஃபெக்ட் என்பதால் அது எப்போதும் ஸ்டைலுக்கு முந்திக்கொள்ளும். பேனலில் மேலே கீழே இழுத்து இதை மாற்ற முடியாது.

வழி, பிரீகம்போஸ்: லேயரை ஸ்டைலோடு சேர்த்து ஒரு உள் காம்போசிஷனுக்குள் (காட்சித் தொகுப்புக்குள்) பொதிந்து, வெளியே ஒரே லேயராக நிற்கும் அந்தப் பிரீகாம்ப் மீது பிளர் போடுவது. அப்போது ஸ்டைலும் சேர்ந்து மங்கும். லேயரைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், சி அழுத்தினால் இரண்டு தேர்வுகள் வரும். எல்லாவற்றையும் புதிய காம்போசிஷனுக்குள் நகர்த்தும் இரண்டாவதுதான் வேண்டும். ஸ்டைலையும் எஃபெக்டையும் வெளியிலேயே விட்டுவிடும் முதல் தேர்வு எழுத்து லேயருக்கு எப்படியும் கிடைக்காது. லோகோ படமாக இருந்தால் கிடைக்கும், அங்கேதான் பலர் தவறுகிறார்கள். பிளரை முன்பே போட்டிருந்தால் அதுவும் உள்ளே போய்விடும். உள்ளே திறந்து பிளரை வெட்டி, வெளியே முதல் கீஃபிரேம் (மதிப்பைக் குறித்து வைத்த புள்ளி) இருந்த நேரத்தில் நேரக்காட்டியை நிறுத்தி, பிரீகாம்ப் மீது ஒட்ட வேண்டும். காட்டி வேறிடத்தில் நின்றால் கீஃபிரேம்கள் அங்கிருந்து தொடங்கிவிடும்.

எழுத்து சுழல்வதாக இருந்தால் கவனம் தேவை. டிரான்ஸ்ஃபார்முக்குப் பின் ஸ்டைல் வருவதால், எழுத்து சுழன்றாலும் நிழல் ஒரே பக்கம் விழுந்துகொண்டிருக்கும். பார்க்க இயல்பாக இருக்கும். பிரீகாம்பைச் சுழற்றினால் நிழலும் பெவலின் வெளிச்சமும் சேர்ந்து சுழலும். ஆகவே சுழற்சி உள்ளே, பிளர் வெளியே.

எழுத்து திரைக்கு வெளியிலிருந்து ஓடி வந்தால் இன்னொரு தொல்லை. ஓட்டம் உள்ளே இருந்தால் பிரீகாம்பின் விளிம்பு எழுத்தை வெட்டும். பிளர் அந்த வெட்டை வெறுமையோடு கலப்பதால் திரையோரத்தில் எழுத்து வெளிறும். உள் காம்போசிஷனை 1920×1080-லிருந்து 2400×1400 அளவுக்கு, நடுவை மையமாக வைத்து, பெரிதாக்கினால் போதும். எழுத்துக்கு ஸ்கிரீன் போன்ற பிளெண்டிங் மோடு (பின்னணியோடு கலக்கும் முறை) இருந்தால் அதை வெளி லேயருக்கு மாற்றுங்கள். உள்ளே இருந்தால் பின்னணிக்கு எட்டாது. அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் (கீழுள்ள எல்லாவற்றையும் பாதிக்கும் லேயரில்) பிளர் போடலாமே என்பார்கள். கீழே வீடியோ இருந்தால் அதுவும் சேர்ந்து மங்கும்.

ஒவ்வொரு எழுத்தாகத் தெளிய வேண்டுமென்றால் எழுத்துகளைத் தனித்தனியே அசைக்கும் டெக்ஸ்ட் அனிமேட்டரின் பிளரைத்தான் நாட வேண்டும். அதுவும் ஸ்டைலுக்கு முன்னால் நடப்பதே. பிரீகம்போஸும் இங்கே கைகொடுக்காது. எங்கள் யோசனை: ஸ்ட்ரோக், பெவல் இவற்றின் ஒப்பாசிட்டியை (ஒளிபுகாமையை) 0-வில் வைத்து, பிளர் முடியும் கடைசி நான்கைந்து ஃபிரேம்களில் முழுதாக ஏற்றுங்கள். 25 ஃபிரேம் வேகத்தில் கண்ணுக்கு ஒட்டு தெரியாது. தமிழ் எழுத்துக்கு, அனிமேட்டர் எந்தப் பகுதியில் வேலை செய்யும் என்று தீர்மானிக்கும் ரேஞ்ச் செலக்டரைக் கேரக்டர் அடிப்படையில் விடாமல் சொல் அடிப்படையில் வையுங்கள். இல்லையென்றால் ‘கொ’வின் கொம்பு ஒரு நேரம், கால் ஒரு நேரம் தெளியும் ஆபத்து உண்டு. மங்கலில் முதலில் தொலைவது புள்ளிதான். ‘ல்’, ‘ல’ ஆகத் தெரிகிற நிலையில் எழுத்தை நிறுத்தி வைக்காமல், வாசிக்க விடும் நேரம் முழுக்கப் பிளர் சுழியத்தில் இருக்கட்டும்.

கறுப்புப் பின்னணியில் மங்கல் பட்டை பட்டையாகத் தெரிந்தால் பிளரைக் குறை சொல்ல வேண்டாம். புராஜெக்டின் நிற ஆழத்தை 8 பிட்டிலிருந்து 16 பிட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

இப்படிக்கு,
தலைப்பு வடிவமைப்பாளர்கள் சிலர்,
வடபழனி, சென்னை.