பத்தாம் வகுப்புக்குப் பின் தொழிற்பயிற்சி: வேலூர் மாவட்ட ஆட்சித் தலைவருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்
தலைவர், அரசு உயர்நிலைப் பள்ளி மேலாண்மைக் குழு,
பேரணாம்பட்டு வட்டம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சத்துவாச்சாரி, வேலூர்.

பொருள்: பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் வாரத்திலேயே பள்ளிகளில் தொழிற்பயிற்சி வழிகாட்டலும் விண்ணப்ப உதவியும் நடத்தக் கோருதல், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனங்களின் பட்டியலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். நான் இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். தோல் காலணித் தொழிற்சாலை ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் அப்பர் எனப்படும் காலணியின் மேல்பகுதியைத் தைத்துவிட்டு, இப்போது வீட்டில் தையல் வேலை செய்து வருகிறேன். எங்கள் ஊர்ப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரைதான் உண்டு என்பதால், தேர்வு முடிவு வந்த நாள் முதல் மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நாள் வரை, பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று கேட்டுப் பெற்றோர் என் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியாத நிலையில்தான், குழுக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றி இம்மனுவைத் தங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் என் இளைய மகளுக்கு நேர்ந்ததைச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெற்றதும், ஐடிஐ எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பிரிவில்தான் சேர்வேன் என்று பிடிவாதமாக இருந்தாள். இணையத்தில் விண்ணப்பிக்க எங்களுக்குத் தெரியாததால் அருகிலுள்ள நகரத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். அன்று அங்கே ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். கணினியில் இருந்த இளைஞர் பெயர், மதிப்பெண், சாதிச் சான்றிதழ் எண் எல்லாவற்றையும் எங்களைக் கேட்டுக் கேட்டுப் பதிந்தார். தொழிற்பிரிவுகளின் விருப்ப வரிசை வந்தபோது மட்டும், "பொம்பளைப் பிள்ளைதானேம்மா" என்று சொல்லிக்கொண்டே தையல் தொழில்நுட்பத்தை முதலிடத்தில் போட்டு அனுப்பிவிட்டார். அந்த வரிசைக்கு என்ன பொருள் என்பது சேர்க்கை ஆணை கைக்கு வந்த பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. அந்த இளைஞர் மீது எனக்குக் கோபம் இல்லை. தனக்குத் தெரிந்ததைச் செய்தார். இரண்டு ஆண்டு வாழ்க்கையை முடிவு செய்யும் ஒரு கட்டத்தை, பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று வாங்கும் கடையில் நிரப்ப வேண்டியிருந்ததே என்பதுதான் என் வருத்தம்.

தையல் தாழ்ந்த தொழில் என்று நான் சொல்ல வரவில்லை. பதினான்கு ஆண்டுகள் எங்கள் வீட்டு அடுப்பு அதில்தான் எரிந்தது. ஆனால் அந்தப் பதினான்கு ஆண்டுகளில் நான் பார்த்த ஒன்றைத் தங்களிடம் சொல்ல வேண்டும். அப்பர் தைக்கும் போஸ்ட் பெட் மெஷினில் ஊசிக்கும், ஊசி நூலைப் பற்றும் ஹூக்குக்கும் உள்ள டைமிங் மயிரிழை தவறினாலும் தையல் விட்டுவிட்டு விழும். தோல் ஒருமுறை துளைபட்டுவிட்டால் பிரித்துத் தைக்கவும் வழியில்லை. அப்போது கையைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்குக்காகக் காத்திருப்போம். அவர் வேறொரு வரிசையில் இருந்தால் அரை மணி நேரமும் ஆகும்; அன்றைய டார்கெட்டில் அந்த அரை மணி நேரம் கழிவதில்லை. வரிசை முழுக்கப் பெண்கள் தைக்க, மெஷினைத் திறந்து பார்க்கும் வேலையில் ஒரு பெண்ணைக்கூட நான் அங்கே கண்டதில்லை. சம்பளத்திலும் மரியாதையிலும் இருந்த வேறுபாட்டுக்கு அந்த மெக்கானிக்கின் கையில் இருந்த ஐடிஐ சான்றிதழே காரணம். என் மகள் எலக்ட்ரீஷியன் ஆக வேண்டும் என்று சொன்னது, நான் இரவில் வந்து சொன்ன இந்தக் கதைகளைக் கேட்டுத்தான்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இதுதான் பெற்றோரில் பெரும்பாலோருக்குத் தெரியாதது. தையல் தொழில்நுட்பம் ஓராண்டுப் பயிற்சி. எலக்ட்ரீஷியன், பிட்டர், டர்னர் போன்றவை இரண்டு ஆண்டுகள். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐடிஐ பயிற்சியை முடித்து, பிளஸ் டூவுக்குரிய தமிழ், ஆங்கில மொழித்தாள்களை மட்டும் எழுதித் தேர்ச்சி பெற்றால், அது பிளஸ் டூவுக்கு இணையாக ஏற்கப்படுகிறது. அதே பயிற்சியைக் கொண்டு பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐடிஐக்கு அனுப்பினால் பிள்ளையின் படிப்பு அதோடு நின்றுவிடும், நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் "என்ன படித்திருக்கிறாள்" என்று கேட்டால் என்ன சொல்வது என்று அஞ்சித்தான், கணக்கில் தட்டுத்தடுமாறித் தேர்ச்சி பெற்ற பிள்ளையையும் பிளஸ் ஒன் கணிதப் பிரிவில் கொண்டுபோய்த் தள்ளுகிறார்கள். அரசே வகுத்துள்ள இந்த வழி, அது தேவைப்படும் வாரத்தில் அவர்கள் காதுக்கு எட்டுவதில்லை.

உதவிகளுக்கும் குறைவில்லை. அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, விலையில்லா மிதிவண்டி, சீருடை, காலணி, பாடப்புத்தகம், வரைபடக் கருவிகள், பேருந்துப் பயணச் சலுகை ஆகியவை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது; ஐடிஐயில் சேர்ந்தாலும் இது பொருந்தும். பெண்களுக்கு உச்ச வயது வரம்பும் இல்லை. ஓராண்டை முடித்துவிட்ட என் மகள் மீண்டும் எலக்ட்ரீஷியன் பிரிவுக்கு விண்ணப்பிக்கக் காத்திருப்பது இதனால்தான்.

மூத்த மகளின் நிலை இதைவிட வருத்தத்துக்குரியது. பிளஸ் டூ முடித்ததும் செவிலியர் பயிற்சிக்குப் போக ஆசைப்பட்டாள். பெரிய மருத்துவமனைகளும், வட மாநிலங்களிலிருந்தெல்லாம் வந்து தங்கும் நோயாளிகளும் உள்ள வேலூரில் அந்த ஆசை இயல்பானதே. சுவரொட்டியைப் பார்த்து, தனியார் பயிற்சி மையம் ஒன்றில் நகைக்கடன் வாங்கிப் பணம் கட்டினோம். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் தங்க நிற எழுத்தில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். வேலைக்குப் போன இடத்தில், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் பதிவு எண்ணைக் கேட்டார்கள். அப்படி ஒன்று இருப்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. இன்று அவள் ஒரு சிறிய கிளினிக்கில், ஊசியைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையுடன் உதவியாளராக இருக்கிறாள். நகை இன்னும் திரும்பவில்லை. எங்கள் தெருவிலேயே இப்படி ஏமாந்தவர்கள் வேறு இரண்டு பேர் உண்டு.

ஆகவே தங்களிடம் நாங்கள் கேட்பது புதிய திட்டம் அன்று. பிளஸ் டூ மாணவர்களுக்கு நான் முதல்வன் திட்டத்தின் கீழ், மேற்படிப்புக்கு வழிகாட்டும் கல்லூரிக் கனவு நிகழ்ச்சி நடக்கிறது. பத்தாம் வகுப்போடு நின்று யோசிக்கும் பிள்ளைக்கு எங்கள் பள்ளியில் அப்படி ஒரு நாள் இதுவரை நடந்ததில்லை. தேர்வு முடிவு வெளியான ஒரு வாரத்துக்குள், மாவட்டத்தின் ஒவ்வோர் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியிலும், ஐடிஐ பயிற்றுநர் ஒருவரும் அங்கே படித்து வேலையில் இருக்கும் ஒருவரும், இயன்றால் ஒரு பெண், வந்து பெற்றோருடன் பேசவும், அங்கேயே பள்ளிக் கணினியில் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து விருப்ப வரிசையை நிரப்பித் தரவும் ஆணையிட வேண்டுகிறோம். பேச்சை மட்டும் நடத்திவிட்டு விண்ணப்பத்துக்குக் கடைக்கு அனுப்பினால் பயன் இல்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அதற்கு முன், ஏப்ரலில் தேர்வு முடிந்த பின், ஒரு நாளாவது பிள்ளைகளை ஐடிஐ பட்டறைக்கு அழைத்துப்போய் லேத்தையும் வெல்டிங்கையும் நேரில் காட்டினால், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மருத்துவம் சார்ந்த பயிற்சிகளைப் பொறுத்தவரை, இம்மாவட்டத்தில் எந்தெந்த நிறுவனம் எந்தப் படிப்புக்கு எந்தக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்றுள்ளது என்ற பட்டியலை ஆண்டுதோறும் மே மாதம் வெளியிட்டு, பள்ளி, ஊராட்சி அலுவலகம், இ-சேவை மையம் ஆகிய இடங்களில் ஒட்ட வேண்டுகிறோம். பட்டியலில் இல்லாத மையங்களை விசாரிப்பது தங்கள் அலுவலர்களின் பொறுப்பு. அதில் நாங்கள் தலையிட விரும்பவில்லை.

பயிற்சிக்குப் பிந்தைய நிலை பற்றியும் ஒன்று. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தம் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை தொழிற்பழகுநர்களை, அதாவது அப்ரண்டிஸ்களைச் சேர்க்க வேண்டும். பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் உள்ள காலணி ஆலைகள் பலவும் இந்த வரம்புக்குள் வருபவை. இராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் கார் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டதும் தாங்கள் அறிந்ததே. 2019இல் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தாலும் பிள்ளைகள் வேலை தேடிப் போகும் எல்லை பழைய வேலூர் மாவட்டம்தான். எனவே மூன்று மாவட்ட நிறுவனங்களையும் அழைத்து, பெண் அப்ரண்டிஸ்களை மெக்கானிக், எலக்ட்ரீஷியன் பணிகளிலும் சேர்க்குமாறு, மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தின் வழியாக அறிவுறுத்த வேண்டுகிறோம். ஐடிஐ பட்டறை வகுப்பு முடியும் மாலை நேரத்துக்குப் பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு பேருந்து கூடுதலாக விடப்பட்டால், பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.

இம்மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையை, அடுத்த பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் முன்னர் எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் வழியாகத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு.

இணைப்பு:
குழுத் தீர்மான நகல், பெற்றோர் கையொப்பங்கள், மூத்த மகளின் பயிற்சிச் சான்றிதழ் நகல்.