இத்தவணையின் நிறைவும் ஆண்டுவிழா நாடகமும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புடைய பெற்றோர்களுக்கு வணக்கம்.

இத்தவணை நம் சனிக்கிழமைப் பள்ளிக்கு நிறைவாகவே அமைந்தது. பேச்சுப் போட்டியிலும் திருக்குறள் மனனப் போட்டியிலும் பிள்ளைகள் சிறப்பாகச் செய்தார்கள். சிறு வகுப்புகளின் வாசிப்பும் முன்னேறியிருக்கிறது. ஆசிரியர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்து, ஆண்டுவிழா நாடகம் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. மேல்வகுப்பு மாணவர்கள் 15ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த 'எவ்ரிமேன்' என்னும் ஆங்கில நாடகத்தைத் தமிழில் நடிக்கவிருப்பதை அறிவீர்கள். நெடுங்காலம் ஏட்டில் மட்டுமே கிடந்த இந்நாடகத்தை 1901இல் வில்லியம் போயல் இதே லண்டனில், சார்ட்டர்ஹவுஸில், மீண்டும் மேடையேற்றினார். சாவு, செல்வம், நற்செயல் எல்லாம் இதில் பாத்திரங்களாகவே வரும். சாவு வந்து ஒருவனைக் கடவுளிடம் தன் வாழ்வின் கணக்கை ஒப்புவிக்க அழைக்கிறது. அவன் துணைக்கு யார் வருவார் என்று நண்பனிடமும் உறவினரிடமும் செல்வத்திடமும் கெஞ்சுகிறான். நற்செயல் மட்டுமே அவனோடு குழிவரை செல்கிறது.

இதில் 'சாவு' என்ற பாத்திரம் பிள்ளைகளுக்கு ஆகாது, அபசகுனம் என்று சில பெற்றோர் கவலை தெரிவித்திருக்கிறீர்கள். சாவுக்குப் பதிலாகப் 'பரீட்சை' வரட்டும் என்ற யோசனையும் வந்தது. மூல நாடகத்தில் அவன் ஆயிரம் பவுண் தருகிறேன், இன்னொரு நாள் வா என்று பேரம் பேசுகிறான், சாவு மசிவதில்லை. பரீட்சையென்றால் மறுமுறை எழுதலாம். நாடகம் அங்கேயே முடிந்துவிடும். யாழ்ப்பாணத்து நாடகக் கலைஞர் நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்களின் 'மயான காண்டம்' என்னும் அரிச்சந்திரன் நாடகத்தை ஊரில் விடிய விடியப் பார்த்த பெரியவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். சுடலையில் நிகழும் அந்தக் கதையைப் பார்க்கக்கூடாதென்று அன்று எவரும் பிள்ளைகளை எழுப்பி வீட்டுக்கு அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இது கிறிஸ்தவ நாடகமாயிற்றே என்ற கேள்வியும் நியாயமானதே. பல சமயத்துப் பிள்ளைகள் நம்மிடம் படிப்பதால், குருமாரையும், திருமுழுக்கு போன்ற திருவருட்சாதனங்களையும் போற்றும் நீண்ட உரையை நீக்கியிருக்கிறோம். பாவமன்னிப்புக் காட்சியை மட்டும் சுருக்கி வைத்துக்கொண்டோம். எழ முடியாமல் தரையில் கிடக்கும் நற்செயல் எழுந்து நிற்பது அதன் பிறகுதான் என்பதால், அதை எடுத்தால் கதை நொண்டும். பெட்டியிலும் மூட்டையிலும் அடைபட்டுக் கிடக்கும் செல்வம் எங்கள் மேடையில் கைபேசிக்குள்ளிருந்து பேசும். கால்விரலில் பிடிப்பு என்று சொல்லி நழுவும் மைத்துனனை மாற்றவேயில்லை. ஒத்திகையில் பிள்ளைகள் அதிகம் சிரிப்பது அந்த இடத்தில்தான்.

ஆயினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வசனம் முழுவதையும் மனனம் செய்துவிட்ட பிள்ளையை ஒரு வாட்ஸ்அப் செய்தியில் விலக்கிக்கொள்வதும், தம் பிள்ளைக்கு முதன்மை வேடம் வேண்டுமென்று ஒத்திகை நடக்கும்போதே பொறுப்பாசிரியரிடம் வாதிடுவதும், குழுவில் அவரைக் குறைகூறி எழுதுவதும் இன்றோடு நிற்க வேண்டும். வேடப் பங்கீடு ஆசிரியர்களின் முடிவு. அதில் இனி மாற்றம் இராது. விலக்கப்பட்ட பிள்ளை அழுததைப் பார்த்தவர்கள் நாங்கள்.

அதேவேளை, வீட்டில் அண்மையில் இழப்பு நேர்ந்திருந்து பிள்ளைக்கு இக்கதை பாரமாக இருக்குமெனக் கருதினால், தயங்காமல் என்னிடம் தனியே சொல்லுங்கள். காரணத்தை எவரிடமும் பகிராமல், மேடை ஒளி, இசை போன்ற வேறு பொறுப்பை அப்பிள்ளைக்கு மனமுவந்து தருவோம். நாடகப் பிரதியைப் படிக்க விரும்புவோர் அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம்.

உடைகளைத் தைத்துத் தரும் தாய்மாருக்கும், மேடைப் பலகைகளை ஏற்றியிறக்கும் தந்தையருக்கும், ஒத்திகை நாட்களில் தேநீரும் ரோல்ஸும் கொண்டுவரும் குடும்பங்களுக்கும், கவலையை நேரில் வந்து பண்போடு எடுத்துரைத்த பெற்றோருக்கும் என் மனமார்ந்த நன்றி. விழாவன்று அனைவரையும் அரங்கில் எதிர்பார்க்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்