"மின்ட்" என்று மட்டும் எழுதாதீர்கள்: சீல் பிரிக்காத கேம் விற்கும் நண்பர்களுக்கு

அன்புள்ள அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கைகளே,

சிங்கப்பூரில் சீல் பிரிக்காத பழைய வீடியோ கேம்களை வாங்கி விற்கும் உங்கள் எல்லாருக்கும் இந்த மடல். நானும் பல வருடமாக உங்களில் ஒருவன்தான். கேட்பது ஒன்றே ஒன்று: ஒரு பெட்டியை விற்பனைக்குப் போடும்போது ஆறு பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள், பின்பக்கத்தில் உறை ஒட்டியிருக்கும் இடத்தைக் கிட்டத்தில் காட்டுங்கள், இத்தனை வருடம் அதை வீட்டில் எங்கே வைத்திருந்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

போன வருடம் ஒரு சூப்பர் நிண்டெண்டோ கேம், அமெரிக்கப் பதிப்பு, வாங்கினேன். முன்பக்கப் படம் ஒன்றுதான் இருந்தது, கீழே "சீல்டு, மின்ட்" என்று இரண்டு வார்த்தை, அதாவது சீல் பிரிக்காதது, புத்தம்புதிது போன்றது. எம்ஆர்டி நிலையத்தில் கைமாறியது. வீட்டுக்கு வந்து மேசை விளக்குக்கு அடியில் சாய்த்துப் பார்த்தால் பின்பக்கத்தில் குறுக்கே ஓட வேண்டிய மடிப்பே இல்லை, ஓரத்தில் ஊசியால் குத்தியதுபோல் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். தொழிற்சாலையில் போட்ட உறையல்ல, கடையில் சூடு காட்டிச் சுருக்கும் சாதாரண பிளாஸ்டிக் பை அது. விற்றவர் என்னை ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன், அவருக்கே தெரிந்திருக்காது. ஆனால் ஒரே ஒரு பின்பக்கப் படம் இருந்திருந்தால் இருவருக்கும் அந்த மனவருத்தம் வந்திருக்காது.

நம்மில் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்து அமெரிக்க நிண்டெண்டோ பெட்டிகளின் பின்பக்கத்தில் உறையின் இரண்டு விளிம்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டியிருக்கும், அதைத்தான் எச்-சீம் என்கிறோம். 1985இல் வந்த முதல் பெட்டிகளில் உறையே கிடையாது, மூடியில் ஒரு வட்ட ஸ்டிக்கர் மட்டும்தான். எச்-சீமையும் இப்போது நகல் எடுக்கிறார்கள் என்பதால் அது இருந்தாலே அசல் என்று முடிவு கட்டவும் முடியாது. இன்னொன்று, நம் ஊருக்கு நிறைய கேம்கள் ஜப்பானிலிருந்து வந்தவை. ஃபேமிகாம், சூப்பர் ஃபேமிகாம் (நிண்டெண்டோ, சூப்பர் நிண்டெண்டோவின் ஜப்பானியப் பதிப்புகள்) பெட்டிகள் பெரும்பாலும் தொழிற்சாலையில் உறை போடாமலேயே விற்பனைக்கு வந்தன, அங்கே கடைக்காரர்தான் பிறகு பிளாஸ்டிக் சுற்றினார். ஆகவே "சீல்டு சூப்பர் ஃபேமிகாம்" என்று பார்த்தவுடன் பர்ஸைத் திறக்காதீர்கள், யார் போட்ட சீல் என்று முதலில் கேளுங்கள்.

கிரேடிங் செய்துவிட்டால், அதாவது ஒரு நிறுவனத்திடம் கொடுத்துப் பரிசோதித்துத் தர எண் வாங்கிவிட்டால், போதுமே என்று சிலர் சொல்வார்கள். 2021 ஜூலையில் 9.8 ஏ++ தரம் பெற்ற ஒரு சூப்பர் மரியோ 64 அமெரிக்காவில் 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனதிலிருந்து நம்மவர்களுக்கும் அந்த எண் ஒரு மயக்கம். வாட்டா என்ற அமெரிக்க நிறுவனம் தரும் கிரேடில் எண் பெட்டிக்கு, எழுத்து உறைக்கு, இரண்டும் தனித்தனி. 9.4 என்பதைப் பெரிதாகப் போட்டுவிட்டு பக்கத்திலுள்ள எழுத்தை விரலால் மறைத்து எடுத்த படங்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தவிர, அந்த எண் பரிசோதித்த நாளின் நிலையைத்தான் சொல்கிறது. அதற்குப் பிறகு அது நம் வீட்டில், நம் ஊர்க் காற்றில் இருக்கிறது.

அந்தக் காற்றுதான் எனக்குப் பெரிய கவலை. சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழை இல்லாத பிற்பகலில் 60க்கு இறங்கும். நம் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் படுக்கையறையில் கேம் அலமாரி இருக்கும், இரவெல்லாம் ஏர்கான் ஓடும், காலையில் அணைத்துவிட்டு சன்னலைத் திறந்துவிட்டு வேலைக்குப் போவோம். அட்டை ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும், மேலே இருக்கும் பிளாஸ்டிக் அதோடு சேர்ந்து அசையாது. சூடு பட்டால் அந்த உறை இன்னும் இறுகும். அப்போது பெட்டியின் நீளப்பக்கம் வில்போல் உள்ளே வளையும், மூலையில் உறை விரியும், கடைசியில் கிழியும். யாரும் தொடாமலேயே இவ்வளவும் நடக்கும். அக்ரிலிக் பெட்டிக்குள் வைத்தாலும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போகத்தான் செய்யும்.

கேமரா வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் உலர் அலமாரி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், 45 முதல் 50 விழுக்காட்டில் வைத்து அப்படியே விட்டுவிடுங்கள். இன்னும் குறைத்தால் நல்லது என்று 30க்குக் கீழே கொண்டுபோனால் அட்டை மொறுமொறுப்பாகி ஓரத்தில் வெடிக்கும். பெட்டிக்கு வெளியே போடும் பாதுகாப்பு உறைக்கு மென்மையான பிவிசி வேண்டாம், பெட் (PET) பிளாஸ்டிக் போதும். வெயில் படும் சுவர் வேண்டாம், சிவப்பு நிறம்தான் முதலில் வெளுக்கும். அப்புறம் பாச்சை உருண்டை! என் அம்மா நல்ல எண்ணத்தோடுதான் பிளேஸ்டேஷன் கேம்கள் இருந்த இழுப்பறையில் துணிக்குப் போடுவதுபோல் நாலு உருண்டை போட்டு வைத்தார். சிடி டப்பா பாலிஸ்டைரீன், நாப்தலீன் ஆவி அதை இளக்கிவிடும். உருண்டைக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு டப்பாவின் மூடி பால்போல் மங்கி, தொட்டால் பிசுக்கென்று ஒட்டியது. உறை மட்டும் புத்தம்புதிதாகவே இருந்தது.

பழைய விலை ஸ்டிக்கரைப் பிய்க்கவும் வேண்டாம். சிம் லிம் சதுக்கத்துக் கடையின் ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி எனக்கு ஸ்டிக்கர் இல்லாத பெட்டியைவிட ஒரு படி மேல், அது நம் ஊரில் விற்றது என்பதற்கு அதுவே சாட்சி. பிய்த்தால் உறையும் கூடவே வரும்.

அடுத்த மாதம் என்னிடமுள்ள ஒரு பெட்டியை விற்கப்போகிறேன். ஆறு பக்கப் படமும், எச்-சீமின் கிட்டத்துப் படமும், கீழ் இடது மூலையில் அரை அங்குலக் கிழிசலும், முதல் நாலு வருடம் அது சமையலறைக்குப் பக்கத்து அலமாரியில் இருந்தது என்ற வரியும் அதில் இருக்கும். அதற்காக ஐம்பது அறுபது வெள்ளி குறைத்துக் கேட்டால் குறைத்துத் தருகிறேன்.

அன்புடன்,
ஜூரோங் வெஸ்டிலிருந்து உங்களில் ஒருவன்