டெக்சஸ் கப்பலின் அடுத்த உலர்துறைக்கு நாள் குறியுங்கள்

டெக்சஸ் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2019-இல் நீங்கள் ஒதுக்கிய மூன்றரைக் கோடி டாலர் இல்லாவிட்டால், அருங்காட்சியகக் கப்பலான டெக்சஸ் போர்க்கப்பல் 2022 ஆகஸ்ட் 31 அன்று கால்வெஸ்டன் உலர்துறைக்கு (கப்பலை நீரிலிருந்து வெளியே எடுத்துப் பழுதுபார்க்கும் இடம்) வந்து சேர்ந்திருக்காது. மனமார்ந்த நன்றி. ஆனால் முந்தைய உலர்துறைப் பணி முடிந்தது 1990-இல். இடையில் 32 ஆண்டுகள்! இனி அப்படி நேராதிருக்க, அடுத்த முறை உலர்துறையில் ஏற்றும் ஆண்டையும் அதற்கான நிதியையும் இப்போதே சட்டத்தில் எழுதுங்கள்.

1925-26-இல் நிலக்கரிக் கொதிகலன்களை எடுத்துவிட்டு எண்ணெய்க் கொதிகலன்கள் வைத்தபோது, டார்பிடோ வெடிப்பைத் தாங்க இருபுறமும் உப்பலான வெற்றறைகள் கட்டினார்கள். ப்ளிஸ்டர் என்பார்கள். ரிவெட் (தகடுகளை இணைக்கும் உலோக ஆணி) அடித்த தகடுகள். ரிவெட் தலையை உப்புநீர் அரித்தால் இணைப்பு கசியும்; உள்ளே தேங்கிய நீர் தகட்டை மறுபுறமிருந்தும் தின்னும். மிதக்கும் கப்பலுக்கு உள்ளிருந்து ஒட்டுப் போடலாம்தான். ஆனால் மெலிந்த தகட்டில் வெல்டிங் சூடு பட்டால் பக்கத்திலேயே புது ஓட்டை விழும். வெளிப்புறத்தைச் சுரண்டி, தடிமன் அளந்து, தகடு மாற்றி, பெயின்ட் அடிக்கக் கப்பல் நீரைவிட்டு மேலே வந்தே ஆகவேண்டும்.

வராமல் விட்டதன் விலை 2017 ஜூனில் தெரிந்தது. நீர்மட்டத்துக்குக் கீழே ஓட்டை விழுந்து கப்பல் 6 டிகிரி சாய்ந்தது. பம்புகள்தான் காப்பாற்றின.

இரண்டாம் உலகப் போரில், பிரான்சின் நார்மண்டிக் கரையில் 1944 ஜூன் 15 அன்றும் அது சாய்ந்தது. இலக்கு உள்நாட்டுக்குத் தள்ளிப் போய்விட்டது. 14 அங்குலப் பீரங்கிகளை அவ்வளவு தூரம் எட்டும்படி மேலே உயர்த்த முடியவில்லை. மாலுமிகள் வலப்புற ப்ளிஸ்டரில் கடல்நீரை நிரப்பி, கப்பலையே 2 டிகிரி சாய்த்துச் சுட்டார்கள். அந்தச் சாய்வைக் கணக்குப் போட ஆள் இருந்தது. 2017-இன் சாய்வுக்கு யார் கணக்குச் சொல்வது?

டெக்சஸ் மட்டுமா? 1892-இல் நீரில் இறக்கிய ஒலிம்பியா என்ற பழைய போர்க்கப்பல், பிலடெல்பியாவில் நிற்கிறது. 1945-க்குப் பிறகு உலர்துறையையே கண்டதில்லை. கப்பலை அருங்காட்சியகமாக்கிக் கொடி ஏற்றும் நாளில் எல்லோரும் வருகிறார்கள். துருவைச் சுரண்டும் நாளுக்குப் பணம் கேட்டால் அடுத்த கூட்டத்தொடர் என்கிறார்கள். துரு கூட்டத்தொடருக்காகக் காத்திருப்பதில்லை.

மன்னிக்கவும், கேட்க வந்தது ஒன்றுதான். 2024 மார்ச் 5 அன்று டெக்சஸ் மீண்டும் நீரில் இறங்கியது. புதுத் தகட்டை உப்பு தொட்ட நாள் அது. பதினைந்து ஆண்டுக்குள் மறுபடி உலர்துறை, ஆண்டுதோறும் தகட்டுத் தடிமன் அளவீடு, இரண்டுக்கும் தனி நிதி. தயவுசெய்து இவற்றை வரும் கூட்டத்தொடரிலேயே சட்டமாக்கித் தாருங்கள்.

பணிவுடன்,
கப்பல் பராமரிப்பில் அக்கறை கொண்டோர்