நாகை–காங்கேசன்துறை: சரக்குக் கப்பல் கணக்கு

ஆசிரியருக்கு,

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குச் சரக்குக் கப்பல் விடலாம் என்ற பேச்சு பற்றி எழுதுகிறேன். இரண்டுக்கும் இடையே சுமார் 60 கடல் மைல்தான். தூரம் பிரச்சினையே இல்லை. 2023 அக்டோபர் 14-இல் தொடங்கிய பயணிகள் கப்பல், வடகிழக்குப் பருவமழை நெருங்கியதும் சில நாள்களிலேயே நின்றது. சரக்குக் கப்பலையும் கடல் சும்மா விடாது. கரையில் கட்டிக் கிடந்தாலும் கடன் தவணை, காப்பீடு, மாலுமிகள் சம்பளம் ஓடிக்கொண்டே இருக்கும்.

கடன் கொடுப்பவர் முதலில் கேட்பது திரும்பிவரும் சரக்கைத்தான். வெங்காயம் இறக்கிவிட்டு வெறுங்கப்பலாகத் திரும்பினால், ஒருவழி வாடகை இருவழி டீசலைச் சுமக்க வேண்டும். லாரியோடு ஏற்றுவதென்றால் சாய்தளம், சங்கிலி போட்டுக் கட்டும் ஆட்கள், குளிர்பெட்டிக்கு மின்இணைப்பு எல்லாம் இரு கரையிலும் தேவை. சுங்கமும் தாவர நோய்த்தடுப்புச் சோதனையும் துறைமுகத்திலேயே முடியாவிட்டால் தக்காளி அங்கேயே அழுகும். பருவமழை மாத நட்டத்தை எந்த அரசு ஏற்கும் என்பதை முதலில் எழுத்தில் தரட்டும்; கொடியசைப்பு பிறகு.

– வாசகர், நாகப்பட்டினம்