வயிறு தள்ளிய திண்ணை

ஊத்துக்குளிப் பக்கம்,
ஆனி கடைசி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் எழுதாததற்கு நீ என்னென்ன நினைத்திருப்பாய் என்று தெரியும். கையெல்லாம் சுண்ணாம்பு, அதுதான் காரணம். விரல் நுனி வெடித்துப்போய், பேனா பிடிக்கவே முந்தாநாள்தான் முடிந்தது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு எழுதுகிறேன். காகிதத்தில் பிசுக்கு இருந்தால் பொறுத்துக்கொள்.

முழங்கால் ஆபரேசன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோசம். ஆனால் மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதை நீ எழுதவில்லை, உன் வீட்டில் தங்கச்சி போனில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பாப்பாவுக்குப் புனேயில் வேலை கிடைத்ததைச் சொன்னதும் உன் தங்கச்சி ஒப்புட்டு சுட்டுவிட்டாள். உன் பங்கையும் நானே தின்றேன்.

இங்கே முதல் சேதி, நம் குட்டையில் தண்ணீர் நிற்கிறது. சிரிக்காதே. அத்திக்கடவு அவினாசித் திட்டத்தை நாம் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து பேசிக்கொண்டிருந்தார்கள் அல்லவா? 2024 ஆகஸ்டில் ஒருவழியாகத் திறந்தார்கள். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரித் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றி 1,045 குளம் குட்டைகளுக்கு விடுகிறார்கள். நம் குட்டையும் அந்தக் கணக்கில் ஒன்று. சாயங்காலம் கொக்கு வருகிறது. நாம் மட்டையடித்து விளையாடிய இடத்தில் கொக்கு நிற்பதைப் பார்த்தால் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். திண்ணையை இடித்துவிட்டதாக யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். கடப்பாரை போட்டது இந்த மாசியில். ஆனால் அதை நான் இடிக்க ஆரம்பித்தது 2009இல்.

அந்த வருசம் பெரியவளுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம், ஞாபகம் இருக்கும். ஒறம்பரை வருகிற வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று திண்ணையின் கல் சந்துகளையெல்லாம் சிமெண்டு வைத்து அடைத்தேன். மேலேயும் ரெட் ஆக்சைடு கலந்து சிமெண்டுத் தளம் போட்டேன். நீகூட வந்து, இப்போதுதான் வீடு மாதிரி இருக்கிறது என்றாய். (உன் மேல் பழி போடவில்லை. நீ சொல்லாமல் இருந்தாலும் செய்திருப்பேன்.) பத்து வருசம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் நடுவில் லேசாக வயிறு தள்ள ஆரம்பித்தது. போன ஐப்பசி மழையில் ஒரு நாள் ராத்திரி தடதடவென்று சத்தம். மாடுதான் அவிழ்த்துக்கொண்டது என்று டார்ச் எடுத்துக்கொண்டு போனால், மூன்று கல் வாசலில் கிடக்கிறது. அந்த ஓட்டை வழியாகச் சேறு, கட்டுத்தரையில் வழிகிற மாதிரி வழிந்துகொண்டிருக்கிறது.

பார்க்க வந்த ஒரு இன்ஜினியர் தம்பி, மொத்தத்தையும் எடுத்துவிட்டு நாலு காங்கிரீட் தூண், மேலே டைல்ஸ், பதினைந்து நாளில் போர்டிகோ என்றார். பையனுக்கும் அதுதான் ஆசை, கார் நிறுத்தலாமே. நானும் ஏறக்குறைய சரி என்று சொல்லிவிட்டேன். அப்போதுதான் பக்கத்துத் தோட்டத்தில் கிணற்றுக் கட்டு சரி பண்ண வந்திருந்த ஒரு மேஸ்திரியைக் கூட்டிவந்து காட்டினேன். காங்கேயம் பக்கத்துக்காரர், எழுபதை நெருங்கியவர். அந்தக் காலத்தில் கமலைக் கிணறுகளுக்கு உள்சுவர் கட்டியே கை பழகியவர். அவர் திண்ணையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். விழுந்த கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். கணீரென்றது.

“கல்லுக்கு ஒண்ணும் கெடையாதுங்க. தண்ணி போறதுக்கு வழியத்தான் ஆரோ அடைச்சுப்போட்டாங்க” என்றார்.

அந்த ஆரோ நான்தான் என்று சொல்ல எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

விசயம் இதுதான். என் அப்பாரு காலத்தில் கட்டியபோது முகப்பில் கல்லையும் உள்ளே மண்ணையும் போட்டிருக்கிறார்கள். மழைத்தண்ணீர் மேலே எங்கேயாவது இறங்கத்தான் செய்யும். இறங்கியது கல் சந்து வழியாகக் கசிந்து வெளியே வந்து காய்ந்துவிடும். சுண்ணாம்புக் காரை அதை விடும், சிமெண்டு விடாது. நான் அடைத்தபிறகு வீட்டுச் சுவரும் தளமும் சேருகிற வெடிப்பில் இறங்கிய தண்ணீர் அப்படியே உள்ளே நின்று, மண் ஊறி ஊறி முகப்பை வெளியே தள்ளியிருக்கிறது. ஐப்பசி மழை நமக்குக் கிழக்கிலிருந்து சாரலோடு வருகிறது, திண்ணையும் கிழக்குப் பார்த்தது. வேறென்ன வேண்டும்?

அப்புறம் மேஸ்திரி சொன்னபடியே நடந்தது. பழைய கல் அத்தனையையும் வாசலில் பரப்பினோம். அடுக்கவில்லை, மாப்ளே, பரப்பினோம், ஒவ்வொரு கல்லும் தனியாகக் கண்ணில் படுகிற மாதிரி. பொண்ணு வீட்டுக்காரர்கள் சீர்ப் பாத்திரம் பரப்புவது போல. உன் தங்கச்சிக்குக் கோலம் போட இடமில்லாமல் இரண்டு மாதம் சண்டை. ஆடுபுலிக் கட்டம் வெட்டிய கற்பலகையைப் பத்திரமாக வேப்பமரத்தடியில் சாய்த்து வைத்தோம், அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

கடைக்கால் தோண்டியபோது இரண்டடியில் சரளை வந்துவிட்டது. போதும் என்றார். சுண்ணாம்பைக் கட்டியாக வாங்கிக் குழியில் போட்டுத் தாளித்தோம். நீ அதைப் பார்த்திருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிய கொஞ்ச நேரத்தில் குழி முழுக்கக் கொதிக்கிறது. அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை. பேத்தி பயந்து ஓடிவிட்டாள். அதைச் சலித்து இரண்டு வாரம் ஊறவிட்டு, மணலும் செங்கல் பொடியும் சேர்த்து அரைத்தோம். கடுக்காயை நசுக்கி, கருப்பட்டியோடு ஒரு மொடாவில் போட்டு ஊறவைத்த தண்ணீரைத்தான் இதற்கு ஊற்றினார். நாலாம் நாள் அந்த மொடாவில் கள்ளு வாசம். எறும்பு ஒரு பக்கம், வாசம் பிடித்து வந்து விசாரித்த நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் இரண்டு பேர் இன்னொரு பக்கம்.

சுவர் எழுப்புகிற வேலையில் நானும் இறங்கினேன். ரிட்டையர் ஆனவனுக்கு வேறென்ன வேலை? ஒரு நாள் மேஸ்திரி கல்யாணத்துக்குப் போயிருந்தார். மறுநாள் வந்து அசந்துபோகட்டும் என்று நானே நூல் கட்டி ஆறடிக்கு இரண்டு வரிசை வைத்துவிட்டேன். பார்ப்பதற்கு மட்டமாக, அழகாகத்தான் இருந்தது. அவர் வந்து பார்த்தார், டீயைக் குடித்தார், பேசாமல் கடப்பாரையை எடுத்து எல்லாவற்றையும் பிரித்துப் போட்டார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. சித்த நேரம் கழித்துத்தான் விளக்கினார்.

நான் செங்கல் கட்டுகிற மாதிரி வைத்திருக்கிறேன். பெரிய முகம் வெளியே தெரியட்டும் என்று கல்லை நட்டுக்குத்தலாக நிறுத்தியிருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய கல், உள்ளே போனால் நாலு அங்குலம் கூட ஆழமில்லை. அவர் அதே கல்லைப் படுக்கப் போட்டார். வெளியே தெரிவது சிறுத்துப்போயிற்று, நீளமெல்லாம் சுவருக்குள் போய்விட்டது. நம் ஊர்க் கல்லில் கறுப்பும் வெளுப்புமாக வரி ஓடும், பார்த்திருப்பாய். அந்த வரி படுக்கை வசத்தில் வர வேண்டுமாம். மூன்றடிக்கு ஒரு கல் சுவரின் அகலம் முழுக்க ஓட வேண்டும், அதற்குப் பூட்டு என்று அவர் பெயர் வைத்திருந்தார். சந்து மேல் சந்து வரக்கூடாது. ஆடுகிற கல்லுக்குக் காரையை அள்ளி அப்பக்கூடாது, சில்லுக் கல்லை அடியில் கொடுத்து முதலில் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். காரை அதற்கப்புறம்தான். “காரை இல்லாமயே நிக்கோணும்ங்க. நின்னாத்தான் காரை போடோணும்” என்றார்.

இதைக் கேட்டபோது எனக்குக் கொடுமணல் ஞாபகம் வந்தது. நொய்யல் கரையில் அந்தக் கல்பதுக்கைகளை, அந்தக் காலத்துப் புதைகுழிகளைப் பார்க்க நாம் சைக்கிளில் போனோமே, திரும்பும்போது உன் டயர் வெடித்தது. இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தைய பலகைக் கற்கள், ஒட்டுவதற்கு எதுவும் இல்லாமல் மண்ணைத் தாங்கிக்கொண்டு நின்றன. அன்றைக்கு நாம் அதன் மேல் உட்கார்ந்து கடலை தின்றோம், அவ்வளவுதான் நமக்குத் தெரிந்தது.

கல் தேர்கிற விதத்தை மட்டும் என்னால் கடைசி வரை பிடிக்க முடியவில்லை. ஒரு இடம் காலியாக இருக்கும். அதைச் சித்த நேரம் பார்ப்பார். எழுந்து போய் வாசலில் கிடக்கிற இருநூறு கல்லில் ஒன்றை எடுத்து வருவார். உட்கார்ந்துவிடும். நான் ஏழெட்டைத் தூக்கிப் போய்ப் பொருத்திப் பார்த்துத் திரும்பக் கொண்டுவந்து போடுவேன், இடுப்பு போய்விடும். ஒரு தடவை எடுத்த கல்லைத் திருப்பிப் போடக்கூடாது, அதற்கு ஒரு இடம் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு கட்டு. உளி வைப்பதும் ரொம்பக் குறைவு. துருத்திக்கொண்டிருக்கிற மூக்கை மட்டும் இரண்டு தட்டு, அதுவும் கல்லை நனைத்துவிட்டு, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு. கல் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது. ராத்திரி இருமுகிற சத்தம் கேட்கும். பேரனை இந்த வேலைக்குக் கொண்டுவரவில்லை, திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். நான் ஏன் என்று கேட்கவில்லை.

உள்ளே இந்தத் தடவை மண்ணே கிடையாது. உடைந்த கல், அதன் மேல் ஜல்லி, அதன் மேல் சரளை. முகப்பில் அடி வரிசையில் நாலு இடத்தில் காரை போடாமல் விரல் நுழைகிற சந்து விட்டிருக்கிறார். சுவர் அடிக்கு ஒரு அங்குலம் வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறது. சொன்னால்தான் தெரியும். மேல் பலகைகள் வாசல் பக்கம் லேசாக இறங்கியிருக்கின்றன.

பலகை ஏற்றிய நாளைச் சொல்லாமல் விட முடியாது. ஒவ்வொன்றும் ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், நாலு அங்குலக் கனம். கருங்கல் கன அடிக்கு எழுபத்தைந்து கிலோ வரும், நீயே பெருக்கிப் பார்த்துக்கொள், கால் டன். பையன் ஜேசிபி என்றான். நம் சந்துக்குள் அது வந்தால் திரும்பிப் போகாது. கடைசியில் சவுக்குக் கட்டை நாலு, கடப்பாரை மூன்று, ஆள் ஐந்து. கல்லை யாரும் தூக்கவே இல்லை. ஒரு முனையைக் கடப்பாரையால் நெம்பி இரண்டு அங்குலம் எழுப்புவது, அடியில் கட்டை கொடுப்பது, மறுமுனையில் அதையே செய்வது. இப்படியே இரண்டேகால் அடி ஏறிவிட்டது. ஒரு நாளைக்கு மூன்று பலகை. ஈரச் சாக்குப் போட்டு மூன்று வாரம் நனைத்தேன். இன்னும் யாரையும் உட்கார விடவில்லை. பூனை மட்டும் கேட்கவில்லை.

முட்டுவழிச் செலவை மட்டும் கேட்காதே. போர்டிகோவை விட எச்சாகத்தான் ஆயிற்று, கார் இன்னும் வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது.

இனி அந்த ஆடுபுலிப் பலகை. அதன் அடிமுகம் தேய்மானம் இல்லாமல் நன்றாக இருந்தது. திருப்பிப் போட்டுக் கொத்திவிட்டால் புதுப்பலகை, எந்த முகம் மேலே வரட்டும் என்று மேஸ்திரி கேட்டார். நான் பழைய முகமே இருக்கட்டும் என்றேன். அவர் குனிந்து கட்டத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தார். “இதுல ஒரு கோடு எச்சா இருக்குதுங்களே” என்றார். நாற்பது வருசமாக நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! இருபத்து மூன்று புள்ளிக்கும் மேலாக, ஓரத்தில் உன் புலி தாவிப் போவதற்கென்றே ஒரு கோடு. ஆதியிலிருந்தே இருந்தது என்று நீ சத்தியம் பண்ணினாய். நீ எப்போதும் புலிதான் எடுப்பாய்.

மேஸ்திரி இன்னொன்றும் சொன்னார், நான் கேட்காமலேயே. மற்றக் கோடெல்லாம் ஒரே ஆள் வெட்டியது, உளி ஒரே பக்கமாகச் சாய்ந்து இறங்கியிருக்கிறது. இந்த ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் சாய்கிறது. இதை வெட்டியது இடது கைக்காரன் என்றார்.

ஆவணியில் மாகாளியம்மன் நோம்பிக்கு வந்துவிடு. திண்ணையில் ஏறுவதற்கு ஒரு படிதான், உன் முழங்காலை நினைத்து உயரம் குறைத்து வைக்கச் சொன்னேன். நம் வகுப்பில் இடது கையில் எழுதினவன் எத்தனை பேர் என்று வரும்போது யோசித்துக்கொண்டே வா.

இப்படிக்கு,
எப்போதும் ஆடு எடுத்த
உன் மச்சான்